ஆக்ஸா பிளேடு இடைவெளி

ஜூன் 10, செவ்வாய்

இதை யாரும் பார்த்துவிடக் கூடாது. அப்பாவும் அம்மாவும் உறங்கிய பிறகு கொசுவலைக்குள் போனை வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். தகரத்தில் மழை விழுவதால் பக்கம் புரட்டும் சத்தம் கேட்காது.

காலையில் மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை. புல்வெட்டி மெஷின் அப்பாவுடையது. ரப்பர் எஸ்டேட்டுகளில் காடு வெட்டும் வேலைக்கு அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பாதான் போவார். போன மழைக்காலத்தில் சரிவில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. கம்பி வைத்திருக்கிறார்கள். இனி சரிவில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அம்மா போகிறாள், அப்பா சமைக்கிறார்.

அம்மா கயிற்றை இழுத்து இழுத்துத் தோளைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது.

"விஜிலாக்கா, எஸ்டேட்டுக்கு வாறியளா, இல்ல இங்கனயே கயிறு இழுப்பு போட்டியா?" என்று டிரைவர் கத்தினான்.

"வாயப் பொத்திட்டு இருலே. வாறேன்" என்றாள் அம்மா.

அப்பா அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றார். "இண்ணைக்கு விடு. மழையும் கெடக்கு."

"நீங்க தோசயப் பாருங்க, கரியுது."

ஸ்பார்க் பிளக்கை நான்தான் மாற்றினேன். அம்மாவின் கை மெஷின் பிடித்துப் பிடித்து நடுங்குகிறது, ஸ்பேனர் நழுவுகிறது. மூடியைப் பிடுங்கி, பழைய பிளக்கைக் கழற்றி, டப்பாவில் இருந்த புதியதை முதலில் விரலால் திருக வேண்டும். எடுத்தவுடன் ஸ்பேனர் போட்டால் அலுமினிய மரை போய்விடும். விரலுக்கு இறுகிய பிறகுதான் ஸ்பேனர். அம்மா ஒரே இழுப்பு இழுத்தாள், ஸ்டார்ட் ஆகிவிட்டது.

கழற்றிய பிளக்கு கரி பிடிக்கவில்லை. பெட்ரோலில் நனையவும் இல்லை. நல்ல காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. நுனியில் இருக்கும் இரண்டு முனைகளும் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் இடைவெளி இருந்தால்தான் பொறி பாயும். போன வாரம்தான் அதைப் போட்டோம்.

அதை ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

இன்றும் அதேதான். இன்னொரு புது பிளக்கு போட்டோம். அம்மா பிளக்கின் நுனியைப் பார்ப்பதே இல்லை, வீசிவிடுகிறாள். அதையும் நான் பொறுக்கி வைத்துக்கொண்டேன். "அந்த தங்கையன் டூப்ளிகேட்ட எடுத்து நம்ம தலயில கெட்டுதான்" என்று ஜீப் ஏறும்வரை திட்டினாள்.

அப்பா அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. பிளக்கைப் பார்த்தே மெஷினுக்கு என்ன நோய் என்று சொல்கிறவர் அவர்.

ஜூன் 14, சனி

அம்மா என்னைத் தங்கையன் மாமாவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அனுப்பினாள். இரண்டு பிளக்குகளையும் மேசையில் வைத்து, "அம்மா இத திருப்பித் தரச் சொன்னா. டூப்ளிகேட்டாம்" என்றேன்.

"உனக்க அம்மைக்கு நான் என்ன செஞ்சேன் பிள்ள? ஜீப்புல போவும்பல்லாம் ரோட்டுல கேக்க ஏசிட்டுப் போறா." கண்ணாடியை மாட்டிக்கொண்டு டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். "இது தானா அடைஞ்சதில்ல கேட்டியா? கல்லுலயோ இரும்புலயோ தட்டினதாக்கும். யாரு தட்டினா?"

"கீழ விழுந்துட்டு" என்றேன்.

"ரெண்டுமா?"

"ரெண்டுந்தான்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடில் ஒடிந்த துண்டு ஒன்றை எடுத்துத் தந்தார். "முனைய மெள்ள நெம்பித் தொறந்து, இத நடுவுல விடு. இறுக்கமுமில்லாம லூசுமில்லாம போனா சரியான அளவு. புது பிளக்கு வாங்காண்டாம். உனக்க அம்மைக்க வாயும் அடையும்."

வீட்டில், கடை பூட்டியிருந்தது என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

எழுதவே பயமாக இருக்கிறது.

ஆராதனைக்குக் கோயிலுக்குப் பாதி வழி போன பிறகுதான் காணிக்கைக் கவரை மறந்தது தெரிந்தது. அம்மாவை ரோட்டில் நிறுத்திவிட்டு நான் மட்டும் ஓடி வந்தேன். கால் வலிக்கிறது, வரவில்லை என்று சொன்ன அப்பா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். மெஷின் பக்கத்தில் கிடந்தது. துணி துவைக்கும் கல்லில் பிளக்கை வைத்துத் தட்டினார். ஓங்கி அல்ல. முட்டை உடைப்பதுபோல மெதுவாக, ஒரு தட்டு. எடுத்துப் பார்த்தார். இன்னும் ஒரு தட்டு.

நான் வந்த வழியே திரும்பிவிட்டேன். கவர் எங்கே என்று அம்மா கேட்டதற்கு, காணவில்லை என்றேன். கோயிலில் ஒரு பாட்டும் என் வாயில் வரவில்லை.

போன ஆவணி மாதம் அம்மா முதன்முதலாக வேலைக்குக் கிளம்பிய அன்று, அப்பா பெட்ரோல் கேனை வாழைக்குள் ஒளித்து வைத்தார். பெரிய சண்டை. அம்மா பையைத் தூக்கிக்கொண்டு மார்த்தாண்டத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மாமா கொண்டுவந்து விட்டபோது வாசலில் நின்றே சொன்னாள்: "இனி ஒருக்க எனக்க வேலைய மொடக்க நெனச்சியள்னா, பொறவு நான் இந்த வீட்டுல இல்ல. பாத்துக்கிடுங்க."

அம்மா சும்மா சொல்கிறவள் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று பெருமழை, ஜீப் வரவில்லை. ஒரு வழி இருக்கிறது. காலையில் அம்மா குளிக்கும்போது அப்பா அடுப்படியில் நிற்பார். அந்த நேரத்தில் கோழிக்கூட்டைத் திறக்கப் போவதுபோல், மெஷின் கிடக்கும் பின்பக்கச் சாய்ப்புக்குப் போய் பிளக்கைக் கழற்றினேன். ஒட்டியிருந்தது. நெம்பித் திறந்து, ஆக்ஸா துண்டை விட்டுப் பார்த்து, திரும்ப மாட்டினேன். இரண்டு முறை ஸ்பேனர் கீழே விழுந்தது.

அம்மா ஒரே இழுப்பில் ஸ்டார்ட் செய்தாள். சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று.

"இஞ்சேருங்க, பிளக்கு நீங்க பாத்து வச்சியளா?"

அப்பா தோசைச் சட்டியிலிருந்து தலையைத் தூக்காமல், "ம்" என்றார்.

ஜூன் 20, வெள்ளி

அப்பா தட்டுகிறார். நான் திறக்கிறேன். அம்மா அப்பாவைப் புகழ்கிறாள். மூன்று பேரும் ஒன்றும் நடக்காததுபோல் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

கணக்கு வகுப்பில் உறங்கிவிட்டேன். டீச்சர் சாக்பீஸால் எறிந்தார்கள்.

ஜூன் 21, சனி

அப்பாவோடு மீன் வாங்க ஜங்ஷனுக்குப் போனேன். டீக்கடையில் அவரோடு முன்பு வேலைக்குப் போனவர்கள் இருந்தார்கள்.

"ஞானதாசு, இண்ணைக்கு என்னடே கறி?"

"சாளைய அவியலா வைக்கியா, பொரிக்கியா?"

"ஏய், அவனுக்கு நேரமாவுதுடே. வீட்டுக்காரி வேல கழிஞ்சு வரும்ப வெந்நி வேண்டாமா?"

அப்பாவும் சிரித்தார். "பொரிச்சா ஒனக்கும் ரெண்டு தாறேன், வா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

 வீட்டுக்கு வரும் ஏற்றத்தில் எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொள்வார். இன்று பிடிக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

சாயங்காலம் அம்மா அப்பாவின் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். அவள் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

"எஸ்டேட்டுல எல்லாரும் கேக்கினும், எப்பிடி விஜிலா உனக்க மெஷினு மட்டும் ஒத்த இழுப்புல எடுக்குதுன்னு. எனக்க வீட்டுல மெக்கானிக் உண்டுன்னு சொன்னேன்."

அப்பா காலை மெதுவாக இழுத்துக்கொண்டார். "போதும். உனக்க கை நோவும்" என்றார். பிறகு எழுந்து வெளியே போய், மழையிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

ஜூன் 26, வியாழன்

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நேற்று நான் வைத்தது போலவே இருந்தது.

ஜூன் 27, வெள்ளி

இன்றும் தட்டவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

தட்டவே இல்லை. மெஷினின் பிளேடைக்கூட அப்பாவே அரம் போட்டு வைத்திருக்கிறார். இனிமேல் நான் பார்க்க வேண்டியதில்லை. இந்த நோட்டையும் அடுப்பில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

வகுப்பில் உறங்குவதாலும் மார்க் குறைந்ததாலும் புதன்கிழமை பெற்றோர் கூட்டத்துக்குக் கட்டாயம் ஆள் வர வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "முதலாளி வாறதுக்கு முன்ன மேல்பக்கம் வெட்டி முடிக்கணும் மக்கா. நான் இல்லன்னா வேற ஆளப் போட்டுருவாவ. அப்பா வருவாவ."

"நான் வாறேன்" என்றார் அப்பா உடனே. "டீச்சருட்ட நான் பேசுதேன்."

பள்ளிக்கூடத்துப் படிகள் மழையில் பாசி பிடித்துக் கிடக்கின்றன. அவருக்கு வழுக்கும். அதைத்தான் யோசிக்கிறேன். போன வருடம் அவர் கம்பு ஊன்றி வந்தபோது ஷெர்லி அவரைப்போல் நடந்து காட்டியதையும், அவளுடைய அப்பா டீக்கடையில் கேட்டதை வகுப்பில் வந்து சொன்னதையும், எல்லாரும் என்னிடம் "இண்ணைக்கு என்ன கறி" என்று கேட்டதையும் நான் யோசிக்கவில்லை. படிதான் ஆபத்து.

ஜூலை 7, திங்கள்

அப்பா வெள்ளைச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டியிருக்கிறார். அம்மாவிடம் இன்னொரு தடவை கேட்டேன். முடியாது என்றாள்.

மெஷின் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அம்மா ஒருநாள் வீட்டில் இருப்பாள். ஒரே ஒரு நாள்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று எழுத ஒன்றும் இல்லை. கட்டிங் பிளேயரில் கை நழுவி விரல் நசுங்கியது. பேனா பிடிக்க முடியவில்லை.

ஜூலை 9, புதன்

கர்த்தாவே.

ஜூலை 10, வியாழன்

கோழிக்குத் தீவனம் போட்டேன். தண்ணீர் பிடித்தேன். பள்ளிக்குப் போகவில்லை.

நேற்று நடந்ததை எழுதுகிறேன். அம்மா கயிற்றை இழுத்தபோது நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் பிளக்கைக் கழற்றினாள். டப்பாவில் வேறு பிளக்கு இல்லை, அதனால் முதல் தடவையாக நுனியைப் பார்த்தாள். கத்தியை எடுத்து நெம்பினாள். உள்ளே இருக்கும் வெள்ளைப் பீங்கான் விண்டுபோனது. ஆக்ஸா துண்டு இருந்திருந்தால் அவள் கத்தியை எடுத்திருக்க மாட்டாள். அது என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்தது. பாக்ஸ் என் பையில் இருந்தது. பை என் தோளில் இருந்தது.

இனி உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் பிளக்கை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஓமனக்காவுக்கு பனிக் காய்ச்சல். அவளுக்க மெஷினு சும்மாதான் கெடக்கும்" என்று வேலியைத் தாண்டிப் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு ஓமன அத்தையின் மெஷினில் கல் தெறிக்காமல் தடுக்கும் தகடு இல்லை. அது உடைந்து எத்தனையோ நாளாகிறது. எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

 அம்மா, நில் என்றுகூட நான் சொல்லவில்லை.

அப்பா வெள்ளைச் சட்டையோடு டீச்சர் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்குப் போன் வந்தது. கல் தெறித்து அம்மாவின் வலது கண்ணில் அடித்திருக்கிறது. அந்தப் பாசிப் படிகளில் அப்பா கம்பில்லாமல் இறங்கி ஓடினார். வழுக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

பெரிய ஆஸ்பத்திரி. ஆபரேஷன் முடிந்தது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து மாமா வந்திருந்தார். கட்டிலருகே நின்று, "சொந்த மெஷினு இருக்கும்ப என்னத்துக்குப் பிள்ள அடுத்தவளுக்க ஒடஞ்ச மெஷின எடுத்தே?" என்று கேட்டார்.

அம்மா படுத்தபடியே சொன்னாள்: "பிளக்க யாரோ நெருக்கி வச்சிருந்தினும் அண்ணா. கண்ணால கண்டேன்."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். அவர் அன்று தட்டவில்லை என்பது அவருக்குத் தெரியும். அம்மா தட்டியிருக்க மாட்டாள் என்பதும் தெரியும். வீட்டில் பிறகு யார் இருக்கிறார்கள்?

நான் கையில் பிளாஸ்க்கைப் பிடித்திருந்தேன்.

"நான்தான்" என்றார் அப்பா. "துணி தொவைக்கிய கல்லுல வச்சு தட்டினேன். முன்னயும் நெறய நாளு தட்டியிருக்கேன். நீ வேலைக்குப் போவண்டாம்னுதான்."

 மாமா அப்பாவின் சட்டையைப் பிடித்தார். நர்ஸ் வந்து எல்லாரையும் வெளியே போகச் சொன்னாள்.

நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டே நின்றேன். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தம் வரவில்லை.

ஜூலை 14, திங்கள்

அம்மாவை டிஸ்சார்ஜ் செய்து மாமா மார்த்தாண்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். என்னையும் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் இருக்கிறது என்றேன்.

அப்பா இரண்டு பேருக்குச் சோறு வைத்தார். பழக்கத்தில் மூன்று தட்டு எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைத்தார்.

ஜூலை 16, புதன்

அப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்க மாட்டேன் என்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "அந்த கட்டிங் பிளேயரு மழையில கெடந்துது. எண்ணெ போட்டு டப்பாவுல வச்சிருக்கேன்" என்றார்.

பிறகு, "விரலு நோவு மாறிச்சா?" என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து தனியாக மார்த்தாண்டம் பஸ் ஏறினேன். அப்பா தடுக்கவில்லை. அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நெத்திலிக் கருவாட்டை வறுத்து டப்பாவில் கொடுத்தார். "நான் வச்சதுன்னு சொல்லாண்டாம்" என்றார்.

மாமா வீட்டில் அம்மா பின்வாசலில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் பஞ்சும் பிளாஸ்டரும். மற்றக் கண் என்னைப் பார்த்தது. நான் அழத் தொடங்கினேன். 

அம்மா துணிப்பைக்குள் கைவிட்டு அந்த பிளக்கை எடுத்தாள். விண்ட பீங்கானோடு அப்படியே வைத்திருக்கிறாள்.

"கல்லுல தட்டினேன்னு உனக்க அப்பா சொன்னாரு. கல்லுல தட்டினா நுனி சப்பளிஞ்சிருக்கும். இதப் பாரு, பல்லு பதிஞ்சிருக்கு. பிளேயருக்க பல்லு." என் விரலைப் பிடித்துப் பார்த்தாள். நகம் கறுத்திருந்தது. "அண்ணைக்கு ஆஸ்பத்திரியிலயே தெரியும், இது அவரு இல்லன்னு."

"கூட்டத்துக்கு நீ வரணும்னு..."

"அது தெரியும்."

"அப்ப அப்பாவ ஏன் விட்டுட்டு வந்தே? அவரு செய்யல்லல்லா? நான்தானே செஞ்சேன்?"

அம்மா பிளக்கை மடியில் வைத்தாள். "நீ செஞ்சதுக்கு நாலு அடி தந்தா தீரும். நீ பிள்ள. மத்த நாளெல்லாம் தட்டினது அவருன்னு, அவரு சொல்லித்தானே எனக்குத் தெரிஞ்சுது? அதுவர நான் தங்கையன ஏசிட்டுல்லா நடந்தேன்."

 என்னைக் காப்பாற்றப் போய்த்தான் அப்பா தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறார். அன்று நான் பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கல்லைப் பற்றி அம்மாவுக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது.

மாமி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அம்மா டப்பாவைத் திறந்து ஒரு நெத்திலியை வாயில் போட்டாள். யார் வறுத்தது என்று கேட்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் பிறகு. குரல் வேறு மாதிரி இருந்தது. "நடுவுல நல்லா ஓடிச்சுல்லா, தெனமும் ஒத்த இழுப்புல. அது அவருதானே? தட்டிட்டு, பொறவு மனசு கேக்காம விடியக்கால அவரே எழும்பித் தொறந்து வச்சாரு. அப்பிடித்தானே? நீ பாத்திருப்பியே."

ஆக்ஸா துண்டு என் பாவாடைப் பையில் இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் அதையும் எடுத்துக்கொண்டு போனேன்.

"ஆமாம்மா" என்றேன். "அப்பாதான். நான் பாத்தேன்."

அம்மா தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.  கிளம்பும்போது, "மெஷினுக்குள்ள தண்ணி எறங்காம சாக்கு போட்டு மூடச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான். எப்போது வருவாள் என்று நான் கேட்கவில்லை. வலது பக்கம் இருந்த காப்பி டம்ளரைத் தேடி அவள் கை தரையில் தடவியதை மட்டும் பார்த்தேன்.

இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா வாசலிலேயே நின்றார். என்ன சொன்னாள் என்று கேட்க அவருக்குப் பயம்.

ஆக்ஸா துண்டை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"இது என்னத்துக்கு?"

"அம்மா வந்து கேட்டா, இது எப்பவும் உங்ககிட்டதான் இருந்துதுன்னு சொல்லணும். விடியக்கால எழும்பி நீங்கதான் பிளக்கத் தொறந்து வச்சிய."

அப்பா அந்தத் துண்டைப் பார்த்தார். என் கறுத்த நகத்தைப் பார்த்தார். பெருவிரலால் அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றவர், கம்பை எடுக்காமல் மெதுவாகச் சாய்ப்புக்கு நடந்தார். மெஷினைச் சாக்குப் போட்டு மூடும் சத்தம் கேட்டது. நெடுநேரம் உள்ளே வரவில்லை.